கோடையில் மீன் ஆழத்துக்குப் போகிறது, நாம் கரையில் நிற்கிறோம்

விக்ரோரியா மாநில அரசு மக்களைத் தூண்டிலோடு நீர்க்கரைக்கு அனுப்புவதில் காட்டும் அக்கறை எங்களில் பலருக்கு வியப்பாக இருக்கும். 2017 யூலை 1 ஆம் திகதி மீன்பிடிக்கென்றே விக்ரோரியா மீன்வள ஆணையம் தனியாக உருவாக்கப்பட்டது. பத்து இலட்சம் பேரை மீன்பிடிக்க வைப்பது என்று ஓர் இலக்கு. ஆண்டுக்கு ஒரு கோடி மீன்குஞ்சுகளை ஆறுகளிலும் ஏரிகளிலும் விடுவது என்று இன்னோர் இலக்கு. 2019 இல் பொதுப் படகுத் துறைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. பிறகு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தூண்டிலும் ரீலும் அடங்கிய இலவசப் பெட்டி பள்ளிக்கூடங்கள் வழியாக வந்தது. 2021 குடிசன மதிப்பீட்டின்படி 36 ஆயிரம் பேருக்கு மேல் வாழும் ட்ருகனினா, இளம் குடும்பங்கள் நிறைந்த புறநகர். எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டுக் கராஜில் கிரிக்கெற் மட்டைக்குப் பக்கத்தில் இப்போது ஒரு தூண்டிலும் சாய்ந்து நிற்கிறது.

டிசம்பர் விடுமுறை தொடங்கியதும் அந்தத் தூண்டில் வாகனத்தில் ஏறுகிறது. காலைச் சாப்பாடு முடித்து, சோறு கட்டி, பாய் எடுத்து, பத்து மணிக்குப் பிறகு புறப்படுகிறோம். நீர்த்தேக்கத்தை அடையும்போது வெயில் உச்சியில். வாகனத்தை நிறுத்த வசதியான, பிள்ளைகள் ஓடித் திரியச் சமதரையான இடம் பார்த்து அமர்கிறோம். அப்படிப்பட்ட இடத்தில் கரையிலிருந்து முப்பது மீற்றர் தள்ளியும் தண்ணீர் இடுப்பளவுதான். மாலை வரை காத்திருந்தால் அகப்படுவது ஒரு கெண்டை, அதுவும் கார்ப் என்று இந்நாட்டவர் வெறுக்கும் வகை. திரும்பி வந்து சொல்வது, அந்தக் குளத்தில் மீனே இல்லை என்பது.

மீன் இருக்கிறது. கோடையில் அது எட்டுப் பத்து மீற்றர் கீழே இருக்கிறது. அரசு கொடுத்த பெட்டியில் தூண்டில் இருந்ததே தவிர, இந்தச் செய்தி எங்கள் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. ஆழத்தை அறியாமல் போவதால் நாம் இழப்பது ஒரு நாள் மீன் மட்டும் என்றால் இதை ஒரு கட்டுரையாக எழுத வேண்டியதில்லை. மீன் போகும் அதே ஆழத்தில்தான் சட்டச் சிக்கலும் உயிராபத்தும் இருக்கின்றன என்பதால் இதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் உறவினர்கள் கோடை வந்தால் குவின்ரி விரிகுடாவுக்கும் ஈரி ஏரிக்கும் வோல்ஐ பிடிக்கப் போகிறார்கள். ஒன்ராறியோவில் அதற்குப் பிக்கரல் என்றும் பெயர். வட்ஸ்அப்பில் வரும் அந்தப் படங்களைப் பார்த்து, இங்கே அப்படி ஒன்று இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. வோல்ஐ இங்கே இல்லை. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த ரெட்ஃபின் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து 1860களில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மீன் இது. பச்சை உடலில் கறுத்த பட்டைகளும் சிவந்த செட்டைகளும் உள்ளது. வெள்ளைச் சதை, முள் குறைவு. இதனோடு இந்த மண்ணுக்கே உரிய கோல்டன் பேர்ச்சும் மரே கொட்டும் எங்கள் ஏரிகளில் விடப்படுகின்றன. கோல்டன் பேர்ச்சை இந்நாட்டவர் மஞ்சள் வயிறன் என்று பொருள்படும் பெயரில் அழைப்பார்கள்.

உறவினர் சொல்லும் கனடா முறையை அப்படியே இங்கே செய்து பார்ப்பதில் ஒரு இடறல் உண்டு. வோல்ஐயின் கண்ணுக்குள் பூனைக் கண்ணில் உள்ளது போல ஒளியைத் திருப்பி எறியும் படலம் இருக்கிறது. அதனால் அது அந்தியிலும் இரவிலும் வேட்டையாடும், பகல் வெளிச்சத்துக்கு ஒதுங்கும். ரெட்ஃபினுக்கு அப்படியொரு கண் இல்லை. அது பகல் வேட்டைக்காரன். ஆகவே கனடா உறவினர் இருட்டும்வரை காத்திருக்கச் சொன்னால் அது அவருடைய மீனுக்குச் சரி. எங்களுடைய மீனுக்குக் காலை எட்டு மணியும் நல்ல நேரம், நண்பகலும் மோசமில்லை, ஆழம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். கோல்டன் பேர்ச் விடிகாலையிலும் மாலையிலும் மேலே ஏறி வரும்.

எங்களுக்கு ஆழ்ந்த ஏரி பழக்கமில்லாததற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. மீன் என்றால் கடல்மீன். வடமராட்சியிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் தொழில் செய்தவர்களுக்கு வாடையும் சோளகமும் கொண்டலும் கச்சானும் தெரியும், வலை தெரியும், களங்கட்டி தெரியும். வன்னியில் குளத்து மீன் உண்டு, 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா குளமெல்லாம் பெருகியது. ஆனால் குளத்து மீன் என்றால் முகம் சுளிக்கும் வீடுகள் எத்தனை என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதைவிட ஒன்று, மீன்பிடி எங்கள் ஊரில் தொழில். அந்தத் தொழில் செய்தவர்களைத் தாழ்வாகப் பார்த்த வீடுகளின் பிள்ளைகளே இன்று மெல்பேர்ணில் முந்நூறு டொலர் கொடுத்துத் தூண்டில் வாங்கிப் படம் போடுகிறார்கள். வெளிநாடு செய்கிற வேலைகளில் இதுவும் ஒன்று, இருக்கட்டும்.

எங்கள் குளங்கள் பரந்தவை, ஆழம் குறைந்தவை. சோளகம் அடித்தால் மேலிருந்து அடிவரை தண்ணீர் கலங்கிவிடும். கோடையில் வற்றி, மீன் எல்லாம் துருசுப் பக்கத்து மடுவில் ஒதுங்கும். இங்கே உள்ள தேக்கங்களின் அமைப்பு வேறு. லொடன் ஆற்றை மறித்து 1956 இல் கட்டி முடிக்கப்பட்ட கெயர்ன் கரன், கொள்ளளவில் ஏறத்தாழ எங்கள் இரணைமடுவுக்குச் சமம். கோல்பேர்ண் ஆற்றில் உள்ள ஈல்டன் அதைப்போல இருபது மடங்குக்கும் மேல், நிரம்பினால் 3,300 கிகாலீற்றர் கொள்ளும். மலைப் பள்ளத்தாக்குகளை அப்படியே மூழ்கடித்து உருவான ஏரி. அதன் அடியில் பழைய ஆற்றுப் படுக்கையும், நின்றபடியே இறந்த மரங்களும் இன்றும் இருக்கின்றன. இப்படிப்பட்ட தண்ணீர் கோடையில் ஒன்றாக இருப்பதில்லை. படை படையாகப் பிரிகிறது.

அது எப்படி நடக்கிறது என்பது எளிது. வெயில் மேற்பரப்பைச் சூடாக்குகிறது. சூடான தண்ணீர் இலேசானது, மேலே மிதக்கும். குளிர்ந்த தண்ணீர் கனமானது, கீழே கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய படை. அதற்குள் இரண்டு மூன்று மீற்றர் இறங்குவதற்குள் வெப்பம் பல பாகை குறைந்துவிடும். ஏரியில் நீந்தியவர்கள் மேலுடம்பு சுட, கால் விறைப்பதை உணர்ந்திருப்பார்கள். காற்று மேல்படையை மட்டும் கலக்கும், நடுப்படையைத் தாண்டிக் கீழே போகாது. அதனால் கீழ்ப்படைக்கு மேலிருந்து புதிய ஒட்சிசன் கிடைப்பதில்லை. அடியில் அழுகும் இலையும் சேறும் இருக்கும் ஒட்சிசனையும் தின்றுவிடும். மாசி மாதம் வரும்போது சில ஏரிகளின் அடித்தளத்தில் மீன் மூச்சுவிட முடியாது.

மேலே என்ன நிலை? 10 பாகை குளிர்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கக்கூடியது. 25 பாகையில் அது ஏறத்தாழ 8 மில்லிகிராமாகக் குறைகிறது. சூட்டில் மீனுக்கு ஒட்சிசன் கூடத் தேவை, தண்ணீரிலோ அது குறைவு. ஆக, மேலே சூடு, அடியில் மூச்சில்லை. மீனுக்கு மிஞ்சுவது நடுப்படையின் மேல்விளிம்பு. சிறுமீன்களும் அங்கேதான் கூடும், அவற்றைத் தின்னும் ரெட்ஃபினும் அங்கேதான் கூடும். கோடையில் ஆழத்துக்குப் போ என்று சொல்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். அளவுக்கு மீறி ஆழம் போனால் அங்கே வெறும் தண்ணீர்தான்.

அந்தப் படை எத்தனை மீற்றரில் இருக்கிறது என்பது ஏரிக்கு ஏரி, வாரத்துக்கு வாரம் மாறும். படகு வைத்திருப்பவர்களிடம் எக்கோ சவுண்டர் இருக்கும். உணர்திறனைக் கூட்டினால் திரையில் நடுநீரில் புகைபோல ஒரு கோடு தெரியும், அதுதான் அது. கருவி இல்லாதவர்களுக்கு எங்கள் கடலோடிகளின் பழைய முறை போதும். அவர்கள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் அளந்தார்கள். ஒரு பாகம் இரு கையும் விரித்த நீளம், ஆறடி. அதே கயிற்றில் ஒரு சிறு வெப்பமானியைக் கட்டி, ஒவ்வொரு பாகத்திலும் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தி, சட்டென்று மேலே இழுத்துப் பார்த்தால், எந்தப் பாகத்தில் வெப்பம் விழுகிறது என்பது தெரிந்துவிடும். பத்து டொலர் வேலை.

தெரிந்த பிறகு செய்ய வேண்டியது, அந்த ஆழத்தில் தரை எங்கே இருக்கிறது என்று தேடுவது. ரெட்ஃபின் நடுநீரில் மிதப்பதைவிடத் தரையை ஒட்டி நிற்க விரும்பும் மீன். நடுப்படை ஏழு மீற்றரில் இருந்தால், ஏரியின் அடிச்சரிவு ஏழு மீற்றரைத் தொடும் விளிம்பு முழுவதும் ஒரு தெரு மாதிரி. அந்தத் தெருவில் ஒரு பாறை முனையோ, பழைய ஆற்றின் கரை விளிம்போ, மூழ்கிய மரக் கூட்டமோ இருந்தால் மீன் கூட்டம் அங்கே நிற்கும். கோல்டன் பேர்ச் மரத்தை விட்டு விலகாது. ஈல்டனில் படகை மரத்தில் மெதுவாகக் கட்டி, யாபி என்ற நன்னீர் சிங்கிறாலையோ மண்புழுவையோ மரத்தின் ஓரமாக நேர்கீழே இறக்கி, ஒவ்வொரு மீற்றரிலும் நிறுத்தி ஏற்றி இறக்குவார்கள். ஒரு மரத்தில் கால்மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். இதை எங்கள் ஆட்களும் நன்றாகச் செய்யலாம், பொறுமைதான் வேண்டும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே திசையில் இரண்டு நாள் காற்று அடித்தால், சூடான மேல்நீர் காற்று போய்ச் சேரும் கரையில் குவியும். அங்கே நடுப்படை கீழே தாழும், காற்று புறப்படும் கரையில் அது மேலே எழும். தட்டில் ஊற்றிய சொதியைச் சாய்த்தது போல. நேற்று ஏழு மீற்றரில் இருந்த மீன் இன்று ஒன்பதில் நிற்பதற்கு இது ஒரு காரணம். வாடையும் சோளகமும் பார்த்து வலை போட்டவர்களின் பிள்ளைகளுக்கு இது புதிய பாடமாக இருக்காது.

ரெட்ஃபினுக்குச் சிறிய ஜிக் போதும். ஈயத்தலை வைத்த மென்பிளாஸ்ரிக் இரை, அல்லது பளபளக்கும் உலோகத் துண்டு. தரை தட்டும்வரை விடவும். பிறகு தூண்டில் நுனியை ஒரு முழம் அளவுக்கு உயர்த்தி, நூல் முழுவதும் தொய்யாமல் கீழே விடவும். மீன் பெரும்பாலும் இரை விழும்போதுதான் கவ்வும். நூல் தொய்ந்திருந்தால் கவ்வியதே தெரியாது. பத்து மீற்றர் ஆழத்தில் இழுபடும் நைலோன் தங்கூசியைவிட, நீளாத பின்னல் நூல் கைக்குச் செய்தி சொல்லும். ஒன்று அகப்பட்டால் உடனே இடம் மாறக்கூடாது. இது கூட்டமாகத் திரியும் மீன், கூட்டத்தில் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. ஒன்று மாட்டித் துடிக்கும்போது மற்றவை அதன் பின்னால் வரும், பக்கத்தில் நிற்பவர் அந்த நேரம் தன் இரையை இறக்க வேண்டும். விரல் நீளக் குஞ்சுகளே வந்துகொண்டிருந்தால் அந்தக் கூட்டத்தை விட்டு வேறு இடம் தேடலாம்.

இதெல்லாம் படகுள்ளவர்களுக்கு. எங்களில் பெரும்பாலோர் கரையில் நிற்பவர்கள். கரையிலிருந்தும் ஏழு மீற்றரை எட்டலாம், இடத்தைத் தெரிந்தெடுத்தால். கரை தண்ணீருக்கு மேலே எப்படிச் சரிகிறதோ, தண்ணீருக்குக் கீழேயும் பெரும்பாலும் அப்படியே தொடரும். புல்வெளியாகப் பரந்த இடம் தண்ணீருக்குள்ளும் பரந்தே இருக்கும். பாறையாகச் செங்குத்தாக இறங்கும் இடத்தில் பத்து மீற்றர் வீசினாலே ஆழம் வந்துவிடும். பாயும் குடையும் வைக்க நல்ல இடத்தில் மீன் இல்லை, மீன் உள்ள இடத்தில் பாய் விரிக்க முடியாது. குடும்பச் சுற்றுலாவையும் மீன்பிடியையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வதுதான் எங்கள் பயணங்களின் சிக்கலே.

இங்கேதான் அடுத்த விடயம் வருகிறது. ஆழத்தைத் தேடிச் செங்குத்துக் கரைக்குப் போகும்போது நாம் வழுக்கி விழுந்தால் கால் எட்டாத இடத்துக்குப் போகிறோம். ரோயல் லைஃப் சேவிங் அமைப்பின் கணக்கில் 2024 யூலையிலிருந்து 2025 யூன் வரை அவுஸ்திரேலியாவில் 357 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். கடலில் வளர்ந்த தகப்பனுக்கு நீச்சல் தெரியும், அகதிமுகாமிலோ கொழும்பு லொட்ஜிலோ வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்த தகப்பனும் உப்புநீரில் நீந்தியவர். நன்னீர் அந்த அளவுக்கு உடலைத் தாங்காது. நடுப்படைக்குக் கீழே உள்ள குளிரில் கால்தசை பிடித்துக்கொண்டால் நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார்.

நீர்ப்பாசனத் தேக்கங்களில் கோடைக்கென்று தனி ஆபத்து ஒன்று உண்டு. தண்ணீர் விவசாயத்துக்குத் திறந்துவிடப்படுவதால் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். நேற்று வரை நீருக்கடியில் இருந்த சேறு மேலே காய்ந்த தோல் போர்த்தியபடி வெளியே வரும். மேலே நடந்தால் முழங்கால் வரை புதையும். அதைத் தாண்டினால் பழைய ஆற்றின் விளிம்பு, அங்கிருந்து நேரே பள்ளம். போன மாதம் பிள்ளைகள் குளித்த இடம் இந்த மாதம் அதே இடம் இல்லை. மரத்தில் சிக்கிய இரையை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்குவது எங்கள் ஆண்களிடம் உள்ள ஒரு பழக்கம். ஐந்து டொலர் இரை அது. நூலை வெட்டிவிடுங்கள்.

4.8 மீற்றர் வரையான இயந்திரப் படகில் போகும்போது உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும் என்பது விக்ரோரியாவில் 2005 முதல் சட்டம். கயாக்கிலும் அப்படியே. செங்குத்துக் கரையில் நிற்பவருக்கு அந்தச் சட்டம் இல்லை, ஆனால் ஆபத்து அவருக்கும் அதேதான். பிள்ளைகளோடு அப்படிப்பட்ட கரைக்குப் போகிறவர்கள் அங்கியை வாகனத்தில் வைக்காமல் பிள்ளைக்கு மாட்டிவிடலாம். விலை ஒரு நல்ல தூண்டிலின் விலையைவிடக் குறைவு.

இனி சட்டத்துக்கு வருவோம். 18 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் உள்ளவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். விக்ரோரியா மூத்தோர் அட்டை வைத்திருக்கும் அப்பப்பா அம்மம்மாவுக்கு வேண்டாம். தூண்டிலைப் பிள்ளை பிடித்திருந்தாலும் வீசுவதும் இழுப்பதும் தகப்பன் என்றால் தகப்பனுக்கு வேண்டும். உள்நாட்டு நீரில் ஒருவருக்கு இரண்டு தூண்டில். அனுமதிப் பணம் தனி நிதியத்துக்குப் போய், மீன்குஞ்சு விடுவதற்கும் துறைகள் கட்டுவதற்கும் செலவாகிறது. அந்த அளவில் ஏரிகளில் விடப்படும் மீனில் எங்கள் பங்கும் இருக்கிறது. இந்தக் கோணத்தை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. குடியுரிமை பெற்றவர்களுக்கு ஒரு தண்டப்பணம் வெறும் செலவு. இன்னும் பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர்களுக்கு, 2013 டிசம்பரில் வந்த நடத்தைக் கோவையில் கையெழுத்திட்டவர்களுக்கு, சீருடை போட்ட ஒருவர் பெயர் கேட்பதே தூக்கம் கெடுக்கும் விடயம். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அனுமதிப்பத்திரத்தைக் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

அளவு விதிகள் மீனுக்கு மீன் வேறு. கோல்டன் பேர்ச் 30 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும். மரே கொட் 55 இலிருந்து 75 சென்ரிமீற்றருக்குள் இருந்தால்தான் எடுக்கலாம், அதைவிடச் சிறியதும் பெரியதும் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். பெரியவை முட்டையிடும் தாய்மீன்கள் என்பதால் இந்த ஏற்பாடு. நல்ல விதி. ஆனால் ஆழம் இந்த விதியோடு மோதுகிறது. இந்த இரண்டு மீன்களுக்கும் ரெட்ஃபினுக்கும் வோல்ஐக்கும் காற்றுப்பை மூடிய வகை. ட்றவுட்டும் கெண்டையும் காற்றை வாய்வழியே விட்டுவிடும், இவற்றால் முடியாது. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு. அங்கிருந்து விரைவாக இழுத்தால் பைக்குள் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியும், இருபது மீற்றரிலிருந்து என்றால் மூன்று மடங்கு. கண் பிதுங்கும், குடல் வாய்வழியே தள்ளும். அளவுக்குக் குறைந்தது என்று அதை நாம் சட்டப்படி தண்ணீரில் விட்டால், அது மல்லாந்து மிதக்கும், கீழே இறங்க முடியாமல் வெயிலிலும் பறவை வாயிலும் முடியும்.

சட்டம் மீனின் நீளத்தை அளக்கிறது. அது வந்த ஆழத்தை அளப்பதில்லை. ஒன்ராறியோவில் வோல்ஐ பிடிப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். நாம் செய்யக்கூடியது இவ்வளவே: கோல்டன் பேர்ச்சையும் கொட்டையும் தேடுகிறவர்கள் பத்து மீற்றருக்கு மேற்பட்ட மரங்களோடு நிறுத்திக்கொள்வது, தேவைக்கு அகப்பட்டதும் விளையாட்டுக்குப் பிடித்து விடாமல் தூண்டிலைச் சுருட்டுவது. பத்து மீற்றருக்கும் கீழே போகிறவர்கள் ரெட்ஃபினுக்காகப் போகலாம். விக்ரோரியாவில் அதற்கு அளவும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. அகப்பட்டதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரலாம். உள்ளூர் மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும், உள்ளூர் மீனுக்குக் கேடான வைரசையும் காவும் வந்தேறி மீன் அது. அதைக் குறைப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

சிட்னிக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. நியூ சவுத் வேல்ஸில் ரெட்ஃபின் தீங்கு விளைவிக்கும் மீன் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே அகப்பட்டால் உயிரோடு தண்ணீரில் விடக்கூடாது, உயிரோடு வாளியில் வைத்திருக்கவும் கூடாது, உடனே கொன்றுவிட வேண்டும். விக்ரோரியா அனுமதிப்பத்திரம் சிட்னிப் பக்கத்து ஏரிகளில் செல்லாது. நத்தார் விடுமுறையில் மெல்பேர்ணிலிருந்து மச்சான் வீட்டுக்குப் போய் அங்கிருந்து ஏரிக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யாபி பிடிக்கப் பழைய கூடுகளைத் தேடி எடுப்பவர்களுக்கும் ஒன்று: ஒப்பெரா ஹவுஸ் வலை என்ற மூடிய கூடு விக்ரோரியாவில் 2019 யூலை 1 முதல் முழுவதுமாகத் தடை. பிளற்றிபஸ்ஸும் ஆமையும் உள்ளே போய் மூச்சுத் திணறிச் செத்தன. மேலே திறந்த தூக்குவலை பாவிக்கலாம்.

எங்கே போவது? ட்ருகனினாவிலிருந்து அரைமணி நேரத்தில் மெல்டன் நீர்த்தேக்கம், வெரிபீ ஆற்றில் 1916 இல் கட்டப்பட்டது. தண்ணீர் கலங்கல், ஆகவே வெளிச்சம் ஆழம் போகாது, கோல்டன் பேர்ச் அங்கே அவ்வளவு கீழே இறங்கத் தேவையில்லை. வெப்பம் கூடிய வாரங்களில் நீலப்பச்சைப் பாசி அறிவித்தல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள், இருந்தால் பிள்ளைகளும் நாயும் தண்ணீரைத் தொடக்கூடாது. ரெட்ஃபினுக்குக் கெயர்ன் கரன், ஒன்றரை மணி நேர ஓட்டம். கம்பர்டவுன் பக்கத்தில் பரம்பீட், எரிமலை வாயில் தேங்கிய ஏரி, நாற்பது மீற்றருக்கும் மேல் ஆழம், தெளிந்த தண்ணீர். ஈல்டன் ஒரு நாள் பயணத்துக்குத் தூரம், இரவு தங்கிப் போவது நல்லது. எங்கே போனாலும் விடிய முன் புறப்பட்டு, பத்து மணிக்குள் தூண்டிலை முடித்து, பிறகு பாய் விரிக்கும் கரைக்குக் குடும்பம் வரலாம். இரண்டையும் பிரித்தால் இரண்டும் நடக்கும்.

சமையலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ரெட்ஃபினைச் செதில் எடுக்க முயன்றால் கை கிழியும். தோலோடு சேர்த்து உரித்து, இரண்டு பக்கச் சதையை மட்டும் எடுங்கள். பொரித்தால் பிள்ளைகள் சாப்பிடும். சொதிக்கு நன்றாக நிற்கும். விளைமீன் என்று சொல்லி வைத்தால் அம்மம்மாவும் சாப்பிடுவார்.

மேற்குப் புறநகர்களின் தமிழ்ப் பள்ளிகளும் கோயில்களும் விளையாட்டுக் கழகங்களும் ஆண்டுதோறும் கோடை ஒன்றுகூடல் வைக்கின்றன. நவம்பரில் ஒரு ஞாயிறு, மீன்வள அதிகாரி ஒருவரையும் நீர்ப் பாதுகாப்புப் பயிற்றுநர் ஒருவரையும் அழைத்து ஒரு மணி நேரம் பேச வைப்பதற்கு அவர்களுக்குப் பெரிய செலவில்லை. மொழிபெயர்க்க எங்களில் ஆள் உண்டு. கடலில் தொழில் செய்த முதியவர்களும் அந்த மேடையில் இருக்கட்டும். ஈயக்குண்டால் ஆழம் பார்ப்பதை அதிகாரியைவிட அவர்கள் நன்றாகக் காட்டுவார்கள்.

சித்திரைப் புதுவருடத்தை ஒட்டி இங்கே இரவுகள் குளிரத் தொடங்கும். மேல்நீர் ஆறி, கனத்து, கீழே இறங்கும். படைகள் ஒவ்வொன்றாகக் கலைந்து ஏரி மறுபடி ஒரே தண்ணீராகும். அப்போது ரெட்ஃபின் சிறுமீனைத் துரத்திக்கொண்டு கரையோரம் வரும், பாய் விரித்த இடத்திலிருந்தே பிடிக்கலாம். அதுவரை கயிற்றில் பாகக் கணக்குக்கு முடிச்சுப் போட்டு வைத்திருங்கள்.